கிணற்றுக்கும் ஒரு முறை

என் பிள்ளைக்கு,

நீ உடுவிலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு கிழமையாகிறது. கோபித்துக்கொண்டு போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆள் மாறி ஆள் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, "பிள்ளை என்ன முடிவெடுத்திருக்கு?" என்று கேட்டால் யாரால்தான் அந்த வீட்டில் இருக்க முடியும்? போகிற அன்று பையோடு வாசல் படலையடியில் நின்று, "அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டாய். "யோசிச்சுச் செய்" என்றேன். பஸ் வந்துவிட்டது. நீ யன்னலோரம் இருந்து கை காட்டியபோதுதான் நான் சொன்னது பதிலே இல்லை என்று உறைத்தது. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. வாசித்துப் பழகிய அளவுக்கு நான் கதைத்துப் பழகவில்லை. வேறு பிள்ளைகளும் இதை வாசிக்கலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடு. எங்கள் பெயர்களை மட்டும் எடுத்துவிடு.

அம்மாக்கள் கடிதம் எழுதுவது தலை நரைத்த பிறகுதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. பத்தொன்பது வயதில் கலியாணம் செய்து அடுத்த வருடமே உன்னைப் பெற்றவள் நான். உன் பல்கலைக்கழகத் தோழிகள் என்னை உன் அக்கா என்று நினைத்ததும், நீ அதைத் திருத்தாமல் விட்டுச் சிரித்ததும் நினைவிருக்கிறதா? நீ பிரதேச சபை உறுப்பினராகச் சத்தியம் செய்த நாளில் இன்னொரு வேடிக்கையும் சேர்ந்தது. சபையின் சிறிய நூலகத்தில் வேலை செய்கிற எனக்கு நீ முதலாளியாகிவிட்டாய். "இனி லீவு கேக்கிறதெண்டால் மகளிட்டைத்தான் கேக்கோணும்" என்று உன் அப்பா ஒரு மாதமாகச் சொல்லித் திரிந்தார். எங்கள் நூலகத்தில் பத்திரிகைகள் மத்தியானத்துக்குள் கசங்கிவிடும். அறம், மெய்யியல் என்று எழுதி ஒட்டிய அலுமாரிப் பூட்டுக்கு மட்டும் திறப்பு தேடி யாரும் வருவதில்லை. சின்ன வயதிலிருந்து அதைத் திறந்தவர்கள் நாங்கள் இருவரும்தான். நீ அரசறிவியல் படிக்கப் போனதற்கு அந்த அலுமாரியும் ஒரு காரணம். ஆகவே இப்போது நீ நிற்கிற இடத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

விஷயம் சின்னதுதான், குப்பை. எங்கள் வட்டாரத்தில் சந்தைக்குப் போகிற வழியில் சபை கொட்டி வந்த குப்பையை எடுத்துக்கொண்டுபோய், கடற்கரைப் பக்கத்தில் முந்திக் கல் வெட்டிய பெரிய குழிக்குள் கொட்டுவது என்று தீர்மானம் வருகிறது. உன் கட்சி ஆதரவு, மற்றக் கட்சிகளில் பாதியும் ஆதரவு. கை தூக்கி வாக்களிக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிள் ஓடுவதையும், ஒரு கை ஹாண்டிலில் இல்லாமல் விழுவதையும் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழியைச் சுற்றியும் சனம் இருக்கிறது. போரில் ஊர் இழந்து, பிறகு வேறொரு கரையில் குடியமர்த்தப்பட்ட மீன்பிடிக் குடும்பங்கள். சபையில் அவர்களுக்காகப் பேச ஒரு வாய் இல்லை. நீ எதிர்த்துக் கை தூக்கினால் கட்சி உன்னை விட்டுவைக்காது; பெண்களுக்கான பட்டியலில் வந்த உறுப்பினரை மாற்ற அவர்களுக்கு ஒரு கடிதம் போதும்.

உன்னைப் பட்டியலில் போடச் சொன்ன குணம் மாமா வந்திருந்த பின்னேரம் உனக்கு மறந்திருக்காது. அவர் கோபமாகக்கூட வரவில்லை. எங்கள் தோட்டத்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார்: "கையைத் தூக்கிறதுக்கு என்ன இவ்வளவு யோசினை, பிள்ளை? அது என்ன, பாரமே?"

"பாரம்தான், மாமா" என்றாய் நீ.

"படிச்ச பிள்ளை ஒண்டு சபைக்கு வேணும் எண்டு உன்ரை பேரைக் குடுத்தது நான்தான். படிச்சதை அங்கை காட்டச் சொல்லி நான் சொல்லேல்லையே!"

உன் அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "குழியடியிலை சனம் இருக்குது மாமா" என்றாய்.

"இருக்கினம்தான். ஆனா அவையளுக்குச் சம்மதம். நானே நேரை போய்க் கேட்டனான். தண்ணிப் பவுசர் லொறி ஒவ்வொரு நாளும் வரும் எண்டு சொன்னாப் பிறகு எல்லாரும் தலையாட்டிச்சினம். பேந்தென்ன?"

அவர் போன பிறகு உன் அப்பாவும் அவர் பக்கம்தான் கதைத்தார். "ஊரோடை ஒத்துப் போ பிள்ளை. கேட்டுத்தானே செய்யினம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. கேட்டுச் செய்வது என்பது உன் அப்பாவின் வேதம். நீ முதலாம் வருடம் படிக்கும்போது, வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தவரிடம் போய், "அப்பா, கனபேருக்கு நன்மை வருமெண்டால் ஒராளுக்குத் தீமை செய்யலாமோ?" என்று சோதனைக் கேள்வியைக் கேட்டாய். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆர் அந்த ஒராள்? ஆளைக் கேட்டியோ?" என்றார். "இது சும்மா ஒரு கேள்வி அப்பா. ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை." "ஆளே இல்லையெண்டால் செய்யுங்கோவன்!" உனக்கு வந்த சிரிப்பில் வெங்காயத் தாள் எல்லாம் பறந்தது. நான் பிறகு அதை நினைத்துப் பார்த்தேன். பெரிய பெரிய புத்தகங்கள் பல பக்கம் எழுதிய பிறகு வந்து நிற்கிற இடத்தில் அவர் முதலிலேயே நின்றார். யாருக்கு இழப்பு வருகிறதோ அவரைக் கேள் என்பது நல்ல விதிதான். ஆனால் அந்த விதிக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதை எங்களுக்குக் காட்டியது எங்கள் தோட்டக் கிணறு.

நீ அப்போது சின்னவள். கிணறு உப்பானது மட்டும் உனக்கு நினைவிருக்கும். ஏன் என்று தெரிந்திருக்காது. அது பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறபடி ஐந்து குடும்பங்களுக்குப் பங்கு. ஒவ்வொருவருக்கும் தண்ணீர் இறைக்க ஒவ்வொரு முறை. நாங்கள் ஒரு பங்கு, குணம் மாமா ஒரு பங்கு, பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர். ஐந்தாமவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய காணி காடு பத்திக் கிடந்தது. அவருடைய முறை வருகிற நாளில் யாரும் இறைக்கிற மிசின் வைப்பதில்லை. இது பெருந்தன்மையால் வந்த வழக்கம் என்று நினைத்துவிடாதே. ஒருவர் எடுத்தால் நாளைக்கு அந்தப் பங்கே தன்னுடையது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் மற்ற மூவருக்கும். இப்படி ஒருவரை ஒருவர் சந்தேகித்ததால் அந்த நாளில் கிணறு சும்மா ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் மழை பிந்தியது. அச்சுவேலிச் சந்தையில் வெங்காயத்துக்கு நல்ல விலை. குணம் மாமாதான் எல்லோரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். சண்டை பிடிக்காமல், முறை தவறாமல், ஆளுக்கொரு சுற்று என்று கனடாக்காரரின் முறையைப் பகிர்ந்துகொள்வோம் என்றார். உன் அப்பா உடனே, "அவரைக் கேக்காமல் நான் ஒரு சொட்டும் எடுக்க மாட்டன்" என்றார். கேட்டார்கள். தொலைபேசியைச் சத்தமாகப் போட்டுக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கேட்டார்கள். "எடுங்கோ, எடுங்கோ! நான் இஞ்சை கதவடியிலை பனி வழிச்சுக்கொண்டு நிக்கிறன். எனக்கென்னத்துக்குத் தண்ணி?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று பார்த்தேன். எவ்வளவு அழகான காட்சி! யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் அதட்டவில்லை, இல்லாதவரையும் கேட்டாயிற்று. நீதி என்றால் இதுதான் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

அந்தப் போகம் முடிவதற்குள் கிணறு உவர்த்துவிட்டது. வெங்காயத் தாளின் நுனி கருகிக்கொண்டு வந்தது. உன் அப்பா தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மிசினை நிறுத்தினார். எங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக்கல். அதற்குள் மழைத் தண்ணீர் ஒரு படையாக நிற்கிறது. அதற்குக் கீழே கடல் இருக்கிறது. மேலே அளவுக்கு மீறி எடுத்தால் கீழே இருப்பது ஏறி வரும். எங்கள் கிணறு மட்டுமா? ஒழுங்கையின் கடைசித் தொங்கலில் இருந்த வீட்டுக் குடிதண்ணீர்க் கிணறும் உப்பாயிற்று. அந்த வீட்டுக்காரர் எங்கள் கிணற்றுக்குப் பங்காளியும் இல்லை, அன்றைய கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவரும் இல்லை. குணம் மாமா தலையில் அடித்துக்கொண்டு, "எல்லாரையும் கேட்டம். கனடாவையும் கேட்டம். இன்னும் ஆரையப்பா கேக்கிறது?" என்றார். "கிணத்தைக் கேக்கேல்லையே அண்ணை" என்றார் உன் அப்பா.

மாரி மழை பெய்து, அடுத்த மாரியும் பெய்து, தண்ணீர் மெல்ல இனித்தது. அதன் பிறகு அந்த ஐந்தாவது முறையை யாரும் தொட்டதில்லை. அதைக் கனடாக்காரரின் முறை என்றும் யாரும் இப்போது சொல்வதில்லை. விடிய எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிய உன் அப்பா திரும்ப வந்து படுத்துக்கொண்டு, "மறந்துபோனன், இண்டைக்குக் கிணத்தின்ரை முறை" என்பார்.

பிள்ளை, அரசியலில் நீ அதிகமாகக் கேட்கப் போகிற சொல் சம்மதம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், பெரும்பான்மை சொல்லிவிட்டது, கையெழுத்து வைத்தார்கள். இவையெல்லாம் தேவையானவைதான். இவை இல்லாத ஆட்சியை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது, அது உனக்கு வேண்டாம். ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அது நீதி என்று ஆகிவிடாது. வராதவர் யார், அழைக்கப்படாதவர் யார், வாய் இல்லாதது எது என்று ஒருவர் கேட்க வேண்டும். சபையில் அந்த ஒருவராக இருப்பதற்குத்தான் நீ போனாய் என்று நான் நம்புகிறேன். தலையாட்டியவர் எதற்காக ஆட்டினார் என்பதையும் கேள். கனடாக்காரருக்குத் தண்ணீர் தேவையே இல்லை, அதனால் தலையாட்டினார். குழியடிச் சனம் தலையாட்டியது தண்ணீர் இல்லாததால்.

இதை எனக்குச் சொன்னவள் தவமணி. நீ அவளைப் பார்த்ததில்லை. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, உடுவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த முகாமில் வளர்ந்தவள். என்னோடு ஒரே வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. முகாமில் கிணறு இல்லாததால் எங்கள் வீட்டில் அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் குளித்து, மாட்டுக்கும் வார்த்து முடிந்த பிறகுதான் அவர்களுடைய முறை. அதுவரை அவள் குடத்தோடு ஒழுங்கையில் நிற்பாள். வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவள் வேலிக்கு வெளியே நிற்பது எனக்கு அப்போது வித்தியாசமாகக்கூடப் படவில்லை. பிறகு போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, யாருடையதோ ஒரு வீட்டுக் கிணற்றடியில் வாளியோடு நின்றேன். எனக்கு முன்னால் தவமணி நின்றாள். "அண்டைக்குத்தானடி நீயும் நானும் ஒரே வரிசை" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

உனக்குச் சொல்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனேன். சொந்த ஊரில் காணி கிடைக்காமல் அவள் குடியேறிய வீடு அந்தக் குழியின் விளிம்பிலிருந்து கூப்பிடு தூரம். குசினி வாசலில் இரண்டு பிளாஸ்டிக் பரல் நிறையத் தண்ணீர். ஒன்று குடிக்க, ஒன்று மற்றவற்றுக்கு. நான் தண்ணீர் கேட்டேன். அவள் மகனைக் கடைக்கு ஓடவிட்டுச் சோடா வாங்கித் தந்தாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கணக்குப் பார்க்கிற வீட்டில் இருந்து அந்தச் சோடாவைக் குடித்து முடிப்பது எனக்குக் கடினமாக இருந்தது. "நீங்கள் சம்மதிச்சதெண்டு சொல்லுகினமே" என்று கேட்டேன்.

"தலையாட்டாமல் என்னடி செய்யிறது? தண்ணி அவையின்ரை பவுசரிலைதானே வருது. மாட்டம் எண்டு சொன்னால் நாளைக்கு டீசல் இல்லையெண்டுவினம்." பரலின் மூடியை இழுத்து மூடிவிட்டு, "உன்ரை மகளும் கை தூக்குவாளோ?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"தூக்கினாலும் நான் குறை நினைக்க மாட்டன். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன கரைச்சலோ. ஆனா தூக்க முதல் ஒருக்கா வந்து பாக்கச் சொல்லு. குழியை இல்லையடி. என்னை."

நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை. நீ எடுக்கிற முடிவால் யார் வாடப் போகிறாரோ அவர் முற்றத்தில் இருந்து, அவர் முகத்தைப் பார்த்து அந்த முடிவைச் சொல்ல முடியுமா? முடிந்தால் செய். நாக்குத் தடுமாறினால் முடிவில் ஏதோ பிழை. கட்சியோடு சேர்ந்து கை தூக்குவதென்று முடிவெடுத்தாலும் நீ என் பிள்ளைதான். சோறு போட்டு வைத்திருப்பேன். ஆனால் அதைத் தவமணியிடம் முதலில் சொல்லிவிட்டு வா.

எதிர்த்து நிற்பதென்றால் அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன்னில் ஒரு குணம் இருக்கிறது. என்னில் இருந்து வந்ததுதான். "நான் தனியா நிண்டாலும் பரவாயில்லை" என்று அன்றைக்குச் சொன்னாயே, அந்தச் சொல்லில் ஒரு சந்தோசம் இருந்தது. அந்தச் சந்தோசத்துக்குப் பயப்படு. தனியாகத் தூக்கிய கை அழகாக இருக்கும், படமெடுத்துப் போடுவார்கள், குப்பை குழிக்குள்தான் போகும். தவமணிக்கு உன் கை சுத்தமாக இருப்பதால் ஒரு வாளி தண்ணீரும் கிடைக்காது. ஆகவே கூட்டத்துக்கு முன்பே இன்னொரு கையைத் தேடு. உனக்குப் பிடிக்காத கட்சிக்காரர் வீட்டுக்கும் போ. அவர் தருகிற தேத்தண்ணீரைக் குடி. கேட்டதில் பாதி கிடைத்தால் வாங்கிக்கொள், மிச்சப் பாதியை மறக்காதே. குணம் மாமாவையும் வெறுக்காதே. உன் அப்பா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் முறையை விட்டுக்கொடுத்து எங்கள் வெங்காயத்துக்கு இறைத்தவர் அவர். ஊருக்காகத்தான் அவரும் கதைக்கிறார். அவருடைய ஊர் எங்கள் வேலியோடு முடிந்துபோகிறது, அவ்வளவுதான். கிணறு உப்பான கதையை அவருக்கு ஞாபகப்படுத்து. சபையில் வைத்து எல்லோர் முன்னாலும் வேண்டாம், வீட்டில் வைத்து. குழிக்குள் விழுகிற குப்பையின் சாறு எந்தக் கல்லுக்குள்ளால் எந்தக் கிணற்றுக்கு வரும் என்று அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிக் கடைசி விஷயம். "வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் "அப்ப எங்கை கொட்டுறது?" என்று சபை கேட்கும். கேட்பது நியாயம். அங்கே நீ வாய் அடைத்து நின்றால் இதுவரை எழுதியதெல்லாம் நல்ல வாசகங்கள் மட்டும்தான். எங்கள் வட்டாரக் குப்பையை எங்கள் வட்டாரமே பிரித்து, உக்குவதை உரமாக்கி, மிச்சத்தை மட்டும் சபை எடுத்துப் போகலாம். மற்ற வட்டாரங்களும் அப்படியே செய்யலாம் என்று நீயே ஒருமுறை சொன்னாய். எல்லோரும் நல்ல யோசனை என்பார்கள். பிறகு யாருடைய காணியில் என்று கேட்டதும் எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் என் பெயரில் கலட்டிக் காணி ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். கல்லும் இரண்டு பனையும் தவிர ஒரு வேலிகூட இல்லாத காணி. பக்கத்தில் வீடும் இல்லை, கிணறும் இல்லை. அது எனக்கு வந்த சீதனம். எங்கள் வழக்கப்படி அடுத்தது உனக்கு. அடியில் சீமெந்து போட்டு, மேலே கூரை போட்டு, சாறு நிலத்துக்குள் இறங்காமல் செய்தால் அதை அந்த வேலைக்குக் கொடுக்கலாம். நான் தருகிறேன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது நியாயப்படி உன்னுடையது. ஆகவே கேட்கிறேன்: கொடுக்கலாமா? கொடுத்தால் பக்கத்துக் காணிக்காரர் எங்களோடு கதைக்க மாட்டார்கள். கட்சிக்குக் கோபம் வந்தால் எனக்குத் தூர ஒரு நூலகத்துக்கு இடமாற்றம் வரலாம். வரட்டும். எந்த ஊரிலும் அந்த அலுமாரியின் திறப்பு புதிதாகத்தான் இருக்கும்.

எங்கள் தேசவழமைச் சட்டப்படி உன் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நேற்றைக்கு அவரிடம் சொன்னேன். வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்துபோனார். "இஞ்சை பார், என்ரை மகளுக்குச் சீதனமா குப்பை மேட்டையே குடுக்கப் போறாய்?"

"நீங்கள்தானே கேட்டுச் செய் எண்டு சொல்லுறனீங்கள். அவளைக் கேக்கத்தான் போறன்" என்றேன்.

அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பினார். கையைக் கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்றைக்குக் கிணற்றின் முறை. அவருக்கு இறைப்பு இல்லை. விடிய நான் இதை எழுதத் தொடங்கும்போது முற்றத்தில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பூவரசு மரத்தடியில் நின்று, வேலிக்கு நடுகிற கதியால்களை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வேலியில் ஒரு குறையும் இல்லை. எங்கே வேலி என்று நான் கேட்கவும் இல்லை. "வாற மருமோன் மூக்கில்லாத ஆளாப் பாக்கோணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை இன்னும் மறுமொழி சொல்லேல்லையே" என்றேன்.

"அவள் ஆறுதலாச் சொல்லட்டும்" என்றார். "மழைக்கு முதல் நட்டால்தான் கதியால் துளிர்க்கும்."

அன்புடன்,
உன் அம்மா